வலிக்கு எத்தனை மார்க்?

அத்தியாயம் 9

“வலி பத்துக்கு எத்தனை டீச்சர்?” என்று நர்ஸ் கேட்டாள்.

“மூணரை.”

அட்டையில் அரைக்கு இடமில்லை. நர்ஸ் மூன்று என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சுவரோரம் நின்றிருந்த சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். போர்வையின் ஓரம் அந்தக் கைக்குள் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது.

அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘அரை மார்க்’ என்று பெயர். முப்பத்தொரு வருடமாகக் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்து ஒரு வரி விட்டுப்போயிருந்தால்கூட அரை மார்க் குறைப்பாள். அது எல்லாருக்கும் தெரியும். தன்னுடைய வலிக்கும் அப்படித்தான் மார்க் போடுகிறாள் என்பது மட்டும் இந்த வார்டில் யாருக்கும் தெரியாது.

சென்ற வாரம் பள்ளி மாடிப்படியில், விடைத்தாள் கட்டோடு அவள் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு பிளந்துவிட்டது. இரண்டு நாள் முன்பு ஆபரேஷன் செய்து, தகடும் ஏழு திருகாணியும் வைத்தார்கள். எலும்பு டாக்டர் நேற்று ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

“தகடு நல்லா உக்காந்திருக்கு. இனிமே என் வேலை இல்ல, உங்க வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள முட்டி அறுபது டிகிரி மடங்கணும். விட்டா இறுகிடும். அப்புறம் மாடிப்படியை மறந்துட வேண்டியதுதான்.”

கடைசி வருடப் பிள்ளைகளின் வகுப்பு மூன்றாவது மாடியில். நாற்பத்து நான்கு படிகள். தலைமையாசிரியையும் வெள்ளிக்கிழமைதான் கெடு வைத்திருந்தாள். டீச்சர் திரும்பி வருவாளா, வேறு ஆள் போடட்டுமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

இன்று புதன். நேற்று மடங்கியது இருபது டிகிரி. அதற்குமேல் மடக்க, காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ தொட்டதும் அம்மாவின் கால் தானாகவே விறைத்துக்கொண்டது.

“மூணரைக்கு இப்படி வேர்க்காதே டீச்சர்?” என்று பிசியோ அப்போதே கேட்டான்.

“ஃபேனைக் கூட்டி வை. சரியாயிடும்,” என்றாள் அம்மா.

*

ஒன்பது மணிக்கு மயக்க டாக்டர் வந்தாள். ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டவள். தலைமுடியை இழுத்து முடிந்திருந்தாள். கையில் ஒரு ஃபைல்.

“ஒரு ஆய்வு நடத்துறோம் டீச்சர். கால் ஆபரேஷன் ஆனவங்களுக்கு வழக்கமான வலி மருந்தோட மெக்னீசியமும் சேர்த்து ஏத்தினா வலி இன்னும் அடங்குதான்னு பார்க்கறோம். உங்ககிட்ட கேக்கலாம்னு...” அட்டையைத் திருப்பினாள். “ஓ. மூணா? அப்ப வேண்டாம். நாலும் அதுக்கு மேலயும் இருக்கறவங்களைத்தான் சேர்க்கறோம். நல்லது. உங்களுக்கு வலி அடங்கியிருக்கு.”

ஃபைலை மூடிக்கொண்டு நகர்ந்தாள்.

சின்னவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே குடுவைகள் பேசும், அவள் எழுதிக்கொள்வாள். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். முன்பின் தெரியாத டாக்டரை நிறுத்துவது அவளுக்கு ஆகிற காரியம் இல்லை.

ஆனால் தப்பான அளவீட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் அவளுக்கு வராது.

“மேடம்,” என்றாள். அது டாக்டருக்குக் கேட்கவில்லை. மறுபடி, “மேடம்! அந்த மூணு தப்பு.”

டாக்டர் திரும்பினாள். அம்மாவும் திரும்பினாள்.

“என்னடி தப்பு? என் கால், எனக்குத் தெரியாதா?”

“பத்து நிமிஷம் குடுங்க மேடம். சரியான நம்பரை வாங்கித் தரேன்.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். “அந்தக் கடைசி கட்டிலைப் பார்த்துட்டு வரேன். அவ்வளவுதான் நேரம்.”

*

சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் அந்த விடைத்தாள் கட்டு இருந்தது. விழுந்த அன்று சிதறியதைப் பொறுக்கி யாரோ கொண்டுவந்து கொடுத்தது. மேலேயே சிவப்புப் பேனா.

“ம்மா, பத்துன்னா உன் கணக்குல என்ன?”

“பத்துன்னா செத்துப் போறது.”

“செத்தவங்க மார்க் சொல்ல மாட்டாங்க.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கால் அசைந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

“முப்பத்தொரு வருஷத்துல எத்தனை பேருக்கு நூத்துக்கு நூறு போட்டிருக்க?”

“ஒருத்திக்கு. அதுவும் கூட்டல்ல தப்பு பண்ணிட்டேன். அப்புறம் பார்த்தா தொண்ணூத்தி ஒன்பதரை.”

“விடைக்குறிப்பு இல்லாம ஒரு பேப்பராவது திருத்தியிருக்கியா?”

“அது எப்படி? ஒருத்திக்கு ஒரு நியாயம், இன்னொருத்திக்கு ஒரு நியாயம்னு ஆயிடுமே.”

“அப்ப வலிக்கு மட்டும் ஏன் வாய்க்கு வந்ததைப் போடற?”

ஒரு டீச்சரை மடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று சின்னவளுக்குத் தெரியும். அவள் வளர்ந்ததே அந்த வீட்டில்தான். சிவப்புப் பேனாவைத் திறந்து, பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டாள்.

“நீயே சொல்லு. எதுக்கு எத்தனை?”

வகுப்புக்குக் கேள்வித்தாள் தயார் செய்கிற குரல் அம்மாவுக்கு வந்தது.

“தூக்கத்துக்கு ரெண்டு. திரும்பிப் படுக்கறதுக்கு ரெண்டு. படிக்க எழுத மனசு நிக்குதாங்கறதுக்கு ரெண்டு. காலை மடக்கறதுக்கு மூணு. சாப்பாட்டுக்கு ஒண்ணு. கூட்டு.”

“பத்து. இப்ப திருத்து. ராத்திரி தூங்கினியா?”

“இல்ல.”

“ரெண்டு. திரும்பிப் படுத்தியா?”

“நர்ஸ் பிடிச்சா ஒரு பக்கம் முடியுது.”

“அப்ப ஒண்ணரை. இந்தக் கட்டைத் தொட்டியா?”

அம்மா விடைத்தாள்களைப் பார்த்தாள். “முதல் பேப்பரை மூணு தடவை படிச்சேன். என்ன எழுதியிருக்கான்னே மண்டையில ஏறல. அது என்னவோ நல்லா படிக்கிற பொண்ணோடது.” குரல் இறங்கியது. “ஒண்ணரை போடு.”

“கால்?”

“மூணு.”

“மூணுக்கு மூணா?”

“மூணுக்கு மூணு. அந்தப் பிசியோ கையை வெச்சாலே கண்ணு இருட்டுது.” முதல்முறையாக அதைச் சொன்னாள். சொன்ன பிறகு போர்வையை விட்டாள். “சாப்பாடு அரை. கஞ்சி இறங்குது.”

சின்னவள் கூட்டினாள். அம்மா அதற்கு முன்பே மனசுக்குள் கூட்டிவிட்டிருந்தாள்.

“எட்டரை,” என்றாள் மெதுவாக. “அடேங்கப்பா.”

“ஒன்பதுன்னு சொல்லிடலாமா?”

“எட்டரைன்னா எட்டரை. சும்மா ஏத்தாத.”

*

டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தாள்.

“எங்க படிவத்துல இப்படியெல்லாம் கிடையாது. ஆனா எங்க படிவத்தைவிட இது பரவாயில்ல.” ஸ்டூலில் உட்கார்ந்தாள். “டீச்சர், ரெண்டு நாளா உங்களுக்கு மூணு மார்க் வலிக்கான மருந்துதான் போயிருக்கு. ஏன் குறைச்சுச் சொன்னீங்க?”

“முதல் நாள் அந்தப் பெரிய ஊசி போட்டீங்க இல்ல? வாந்தி, வாந்தி. குடலே வெளிய வந்துடும் போல. கூடச் சொன்னா திரும்ப அதைப் போடுவீங்கன்னு...”

“அதைச் சொல்லியிருந்தா வாந்திக்கு மருந்து சேர்த்திருப்பேனே! வலியை மறைச்சா எப்படி?” டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். “சரி. முதல்ல எட்டுக்கான மருந்து. அது ஆய்வுல சேர்ந்தாலும் உண்டு, சேராட்டியும் உண்டு. இந்த மெக்னீசியம் அதுக்கு மேலதான்.”

“அது என்ன பண்ணும்?” என்று கேட்டது சின்னவள். இந்த முறை குரல் முதல் தடவையிலேயே வந்தது.

“வலி நரம்பு வழியா போகும்போது, சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போற ஒரு கதவு இருக்கு. மெக்னீசியம் அதுல தாழ்ப்பாள் மாதிரி உக்காரும். பெரிய ஊசி கொஞ்சமா போதும்னு சில ஆய்வுல வந்திருக்கு. சிலதுல பெரிய வித்தியாசம் இல்லன்னும் வந்திருக்கு. அதனாலதான் பார்க்கறோம். புது மருந்து இல்ல. வேற நோய்களுக்கு ரொம்ப வருஷமா குடுக்கறதுதான்.”

சின்னவளுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. தண்ணீர் கடினமாக இருப்பதற்கு மெக்னீசியமும் ஒரு காரணம். சோப்பு நுரைக்கவில்லை என்று புகார் வந்தால் அவள்தான் அளப்பாள். தண்ணீரில் கலந்த சாயம் சிவப்பிலிருந்து நீலமாக மாறும்வரை ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். வேலைநேரம் முழுக்க அவள் துரத்துகிற சாமானை இங்கே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

“ஆனா ஒண்ணு,” என்றாள் டாக்டர். “பாதிப் பேருக்குத்தான் மெக்னீசியம். மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.”

“அது நல்ல முறைதான்,” என்றாள் அம்மா.

“நல்ல முறையா?” என்று கதவருகிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

பெரியவன். ஒரு கையில் ஃபிளாஸ்க், தோளில் கருவிப் பை. லிஃப்ட் மாட்டுகிற வேலை. சட்டையில் கிரீஸ் வாசம்.

“எங்கம்மா என்ன எலியா டாக்டர், வெச்சு சோதிச்சுப் பார்க்க?”

“யாரையும் வற்புறுத்தல. வேண்டாம்னு சொன்னாலும் சிகிச்சை அப்படியேதான் இருக்கும்.”

“வேண்டாம். ஏதாவது ஆச்சுன்னா?”

“பிரஷர் இறங்கலாம். உடம்பு சூடாத் தெரியலாம். அளவு மீறினா தசை தளர்ந்து மூச்சு மந்தமாகும். அதுக்காகத்தான் கிட்னி டெஸ்ட் பார்த்துட்டு ஆரம்பிப்போம். மணிக்கு ஒரு தடவை நல்ல காலோட முட்டியில சுத்தியல்ல தட்டிப் பார்ப்போம். கால் துள்ளலைன்னா நிறுத்திடுவோம்.”

“கேட்டியாம்மா? மூச்சு மந்தமாகுமாம். உனக்கு எதுக்கு இதெல்லாம்? கால் மடங்குற அளவுக்கு மடங்கட்டும். ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டறேன், எங்கம்மா மூணு மாடி ஏறணுமா? விழுந்தது போதாதா?” அவன் சின்னவளைப் பார்த்தான். “இதெல்லாம் இவ வேலைதானே? ஏய் குடுவை, உன் சோதனையை லேப்போட வெச்சுக்கோ.”

“நான் லேப்ல சரியா அளக்கறேன். நீ அளக்காமயே பேசற,” என்றாள் சின்னவள்.

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. பெரியவனும் ஒரு நொடி அப்படித்தான் பார்த்தான்.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க,” என்றாள் அம்மா. “டாக்டர், நான் இத்தனை நாள் சொன்ன மாதிரி மத்தவங்களும் குறைச்சுக் குறைச்சுச் சொன்னா உங்க ஆய்வு என்னாகும்?”

“தப்பான விடை வரும்.”

“அப்ப ஒருத்தியாவது சரியா சொல்றேன். ஒப்புதல் தாளைக் குடுங்க.”

மூன்று பக்கம். அம்மா ஒரு வரி விடாமல் படித்தாள். டாக்டர் இரண்டு முறை கடிகாரம் பார்த்தாள். இரண்டாவது பக்கத்தில் சிவப்புப் பேனா நின்றது.

“இங்க மொத்தம் நூத்தி இருபது பேர்ங்கறீங்க. அங்க ஒரு பிரிவுக்கு ஐம்பத்தஞ்சு. கூட்டினா நூத்திப் பத்துதானே? பத்து பேர் எங்க?”

டாக்டர் குனிந்து பார்த்தாள். காது சிவந்தது. “இதைப் பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டாங்க டீச்சர். திருத்திட்டு வரச்சொல்றேன்.”

அரை மணியில் திருத்திய தாள் வந்தது. அம்மா அதையும் முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

“பெரியவனே, ஆபரேஷன் அன்னைக்குக் காலைல நீ நீட்டின இடத்துலெல்லாம் படிக்காம போட்டேன். எட்டுக் கையெழுத்து. கண்ணைத் திறக்க முடியல அன்னைக்கு. என் வாழ்க்கைலயே அதுதான் முதல் தடவை. இனிமே படிக்காம ஒரு புள்ளி வைக்க மாட்டேன்.”

பெரியவன் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அது கை நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தவன் நிமிர நேரமானது.

*

பதினொன்றரைக்குப் பம்ப் ஓட ஆரம்பித்தது. நிறமில்லாத மருந்து. மெக்னீசியமும் அப்படித்தான் இருக்கும், உப்புத்தண்ணீரும் அப்படித்தான் இருக்கும். சின்னவள் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள்.

“உடம்பு சூடா இருக்காம்மா?”

“கேக்காதே. சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னாங்க இல்ல, ஊகிக்கக் கூடாதுன்னு?”

“எனக்கு மட்டும் சொல்லு.”

“காப்பி அடிக்கப் பார்க்கறியா?”

மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்தாள். சின்ன ரப்பர் சுத்தியலால் அடிபடாத இடது முட்டியில் தட்டினாள். ஒவ்வொரு முறையும் கால் துள்ளியது. பெரியவன் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, துள்ளியதா என்று மட்டும் திரும்பிக் கேட்டான்.

இரண்டு மணிக்கு நர்ஸ் வலியைக் கேட்டாள். அம்மா கண்ணை மூடி, தன் விடைக்குறிப்பை வரி வரியாகப் பார்த்தாள்.

“அஞ்சு.”

“அரை இல்லையா டீச்சர்?”

“இல்ல. முழுசா அஞ்சு.”

எது வேலை செய்தது? எட்டுக்கான மருந்தா, பாட்டிலா? சின்னவளுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தெரியாமல் இருப்பதும் முறையின் ஒரு பகுதி என்று தன்னையே அடக்கிக்கொண்டாள். சரியான எண்ணைச் சொன்னதே பாதி மருந்து என்று மட்டும் நிச்சயமாகத் தோன்றியது.

மூன்று மணிக்குப் பிசியோ வந்தான். பெரியவன் “நான் வெளிய இருக்கேன்” என்று பையை நாற்காலியில் போட்டுவிட்டு நடையில் போய் நின்றான். அம்மா துடிப்பதை அவனால் பார்க்க முடியாது. விழுந்த அன்று படியிலிருந்து அவளைத் தூக்கி வந்தது அவன்தான்.

பிசியோ காலை மெதுவாகப் பிடித்தான். இருபது வந்தது. இருபத்தைந்து. அம்மா மூச்சை இழுத்துவிட்டாள். கால் விறைக்கவில்லை.

“போதுமா டீச்சர்?”

“நான் கேட்டேனா?”

முப்பது. முப்பத்தைந்து. நெற்றியில் வேர்வை. வாய்க்குள் எதையோ எண்ணினாள். உதட்டைப் பார்த்தே சின்னவளுக்குப் புரிந்தது. படிகள். முதல் மாடித் திருப்பம், இரண்டாம் மாடித் திருப்பம்.

“இன்னும்,” என்றாள் அம்மா. “இன்னும் கொஞ்சம். ம். ஆ... நிறுத்து. அங்கயே வை. அள.”

பிசியோ நீளமான கோணமானியை முட்டியில் வைத்தான். முகம் மலர்ந்தது. “நாப்பத்தஞ்சு!”

“கொண்டா பார்ப்போம்.” கழுத்தை எக்கிப் பார்த்தாள். “பக்கத்துலேர்ந்து பார்த்தா தப்பாதான் தெரியும், நேரா பாரு. நாப்பத்து மூணு.”

“ரெண்டு டிகிரிதானே டீச்சர். ஒரு சந்தோஷத்துக்கு...”

“சந்தோஷமாத்தான் இருக்கேன். நாப்பத்து மூணுன்னு எழுது. நாப்பத்து நாலு படில இன்னும் ஒண்ணு பாக்கி.”

அவன் போனதும் அம்மா தலையணையில் சாய்ந்தாள். களைப்பில் முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“நாளைக்கு ஐம்பது. வெள்ளிக்கிழமை அறுபது. தலைமையம்மாகிட்ட நானே போன்ல சொல்றேன். ஏய், ஒரு வரைபடம் போடணும், பேனா வேண்டாம். உங்கண்ணன் பையில பென்சில் இருக்கும் பாரு. லிஃப்டு அளவு குறிப்பானே.”

சின்னவள் பையின் முன்ஜிப்பைத் திறந்தாள். அளவு டேப். ஸ்பேனர். பென்சிலுக்காகத் துழாவியபோது நான்காக மடித்த தாள் ஒன்று கையோடு வந்தது. மடிப்பு விரிந்தது.

பள்ளித் தலைமையாசிரியைக்கு எழுதிய கடிதத்தின் நகல். டைப் செய்திருந்தது. ‘காலில் ஏற்பட்ட முறிவின் காரணமாக இனிப் பணியைத் தொடர இயலாத நிலையில், விருப்ப ஓய்வு அளிக்குமாறு...’

கீழே அம்மாவின் கையெழுத்து. கோணல்மாணலாக, கண் திறக்காமல் போட்டது போல. ஆபரேஷன் அன்றைய தேதி.

ஓரத்தில் பள்ளியின் வட்ட முத்திரை. பெறப்பட்டது. நேற்றைய தேதி.

நடையில் அண்ணனின் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. அவன் கெட்டவன் இல்லை. அந்தப் படிகளைக் கண்டு பயந்தவன். அது அவளுக்குத் தெரியும். இதை மடித்து உள்ளே வைத்துவிடலாம். அம்மா இன்று ஒரு ராத்திரியாவது தூங்குவாள்.

“பென்சில் கிடைச்சுதாடி?”

சின்னவள் தாளைப் பாதி மடித்து நிறுத்தினாள்.

“என்ன முகம் இப்படி ஆயிடுச்சு?” அம்மா முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். “ஏய். பத்துக்கு எத்தனை?”

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். காலையிலிருந்து அந்த ஒன்றுமில்லையோடு சண்டை போட்டவள் அவள்தான்.

“ஒன்பது,” என்றாள். “ஒன்பதரை.”

அம்மா அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையணைப் பக்கம் துழாவி, சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

“இங்க கொண்டா,” என்று கையை நீட்டினாள். “முதல்ல படிக்கறேன்.”